சும்மா நம்பினால் போதுமா? கிறிஸ்தவர்கள் சொல்லும் நித்திய ஜீவன்

மயிலாடுதுறை, நாகப்பட்டினம், தஞ்சாவூர்ப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் வீட்டுச் சுவர்களிலும் சர்ச் மதில்களிலும் எழுதியிருக்கும் வேத வசனங்களைப் பார்த்திருப்பார்கள். அவற்றில் அடிக்கடி கண்ணில் படுவது யோவான் சுவிசேஷத்தின் 3-ஆம் அதிகாரம், 16-ஆம் வசனம்: ‘தேவன், தம்முடைய ஒரேபேறான குமாரனை விசுவாசிக்கிறவன் எவனோ அவன் கெட்டுப்போகாமல் நித்தியஜீவனை அடையும்படிக்கு, அவரைத் தந்தருளி, இவ்வளவாய் உலகத்தில் அன்புகூர்ந்தார்.’

இதைப் படித்துவிட்டு நண்பர்கள் என்னிடம் கேட்பார்கள். நம்பினால் சாகவே மாட்டீர்களா? சொர்க்கம், மோட்சம், முக்தி என்று நாங்கள் சொல்வதும் இதுவும் ஒன்றுதானா? எல்லாவற்றுக்கும் மேலாக, சும்மா நம்பினால் போதுமா, நல்லது செய்ய வேண்டாமா? நியாயமான கேள்விகள். கிறிஸ்தவ வீட்டில் பிறந்தவர்கள்கூட இவற்றுக்கு வாய் திறந்து பதில் சொல்லத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனம்தான். ஆனால் உட்கார்ந்து யோசித்திருக்க மாட்டோம்.

கத்தோலிக்கர்கள் இதை நிலைவாழ்வு என்பார்கள். லுத்தரன், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபைகளில் நித்திய ஜீவன் என்போம். சொல்ல வருவது ஒன்றையேதான்.

முதலில், நித்திய ஜீவன் என்றால் ஆயுசு நீண்டுகொண்டே போவது என்று நினைத்துவிடக் கூடாது. இன்றிருக்கிற இதே வாழ்க்கை, இதே கவலை, இதே கோபம், இதே பொறாமையோடு முடிவே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தால் அதை வரம் என்று யார் சொல்வார்கள்? பைபிளில் இதற்கு நேரடியான விளக்கம் ஒன்று இருக்கிறது. தாம் கைது செய்யப்படுவதற்குச் சற்று முன்பு இயேசு ஜெபிக்கிறார். யோவான் 17-ஆம் அதிகாரத்தில் அந்த ஜெபம் முழுதாக உள்ளது. அதில் அவர் சொல்கிறார்: ‘ஒன்றான மெய்த்தேவனாகிய உம்மையும் நீர் அனுப்பினவராகிய இயேசுகிறிஸ்துவையும் அறிவதே நித்தியஜீவன்.’

இங்கே அறிவது என்பது படித்துத் தெரிந்துகொள்வது இல்லை. பெற்ற தாயைப் பிள்ளை அறிந்திருக்கிறதே, அந்த மாதிரி அறிவது. கடவுளோடு மனிதனுக்கு ஏற்படும் உறவுதான் நித்திய ஜீவன். அதன் இன்னொரு முனையில் இருப்பவர் சாகாதவர் என்பதால், மனிதன் பக்கத்தில் நேரும் சாவு அதை அறுக்க முடியாது. ஆக, ‘நித்தியம்’ என்ற நீளம் உறவின் தன்மையிலிருந்து வருகிறது. உறவுதான் முதலில்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். நித்திய ஜீவன் செத்த பிறகு கிடைப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். யோவான் சுவிசேஷம் அப்படிச் சொல்லவில்லை. விசுவாசிக்கிறவனுக்கு அது இப்போதே உண்டு, அவன் ஏற்கெனவே மரணத்தை விட்டு நீங்கி ஜீவனுக்குள் வந்துவிட்டான் என்று 5-ஆம் அதிகாரம் சொல்கிறது. வயலுக்குப் போகிற, கடலுக்குப் போகிற, கடை திறக்கிற இந்த நாட்களிலேயே தொடங்கிவிடுகிற வாழ்வு அது. கல்லறைக்குப் பிறகு தொடர்வது, இங்கே தொடங்கியதன் தொடர்ச்சி.

சரி, அப்படியானால் கிறிஸ்தவர்கள் சாகமாட்டார்களா? சாவார்கள். இதில் எந்தச் சுற்றிவளைப்பும் இல்லை.

தரங்கம்பாடியிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் திருக்கடையூர். மார்க்கண்டேயருக்காகக் காலனையே சிவபெருமான் உதைத்த தலம் என்று அதைப் போற்றுகிறார்கள். அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் தமிழ்நாடெங்கிலுமிருந்து அங்கே கூடுகிறார்கள். அந்த வரலாற்றில் எமன் பக்தனை நெருங்க முடியாமல் போகிறான். பக்தர் என்றும் பதினாறாகவே இருக்கிறார். சாவைப் பற்றிய பயமும் அதை வெல்லவேண்டும் என்ற ஏக்கமும் இந்த மண்ணில் எவ்வளவு பழையவை என்பதற்கு அந்தக் கோயிலில் கூடும் கூட்டமே சாட்சி. கிறிஸ்தவம் அதே ஏக்கத்துக்குத்தான் பதில் சொல்கிறது, ஆனால் வேறு வழியில். இங்கே சாவு விலகிப் போவதில்லை. கடவுளின் மகன் என்று கிறிஸ்தவர்கள் நம்பும் இயேசுவே பொந்தியு பிலாத்து ரோம ஆளுநராக இருந்த காலத்தில் எருசலேமில் சிலுவையில் அறையப்பட்டுச் செத்தார், அடக்கம் செய்யப்பட்டார். மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தார் என்பதுதான் முழு விசுவாசத்துக்கும் அடித்தளம். சாவுக்குள் போய் மறுபக்கம் வெளியே வந்தவர் அவர். அவரைப் பற்றிக்கொண்டவர்களும் அப்படியே வருவார்கள் என்பது நம்பிக்கை. அவர் எழுந்திருக்காவிட்டால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு வெளிப்படையாகவே எழுதினார்.

லாசருவின் கதையும் இங்கே உதவும். பெத்தானியா என்ற ஊரில் இயேசுவின் நண்பன் லாசரு இறந்து நாலு நாள் ஆகிவிட்டது. இயேசு வந்து, அவனைக் கல்லறையிலிருந்து வெளியே வரும்படி கூப்பிட்டார்; வந்தான். ஆனால் லாசரு பிற்பாடு மறுபடியும் செத்திருப்பான் அல்லவா? அதனால் அவன் எழுந்து வந்தது நித்திய ஜீவன் இல்லை. அது ஓர் அடையாளம். நோய் தீருவதும், பிள்ளை வரம் கிடைப்பதும், விபத்திலிருந்து தப்பிப்பதும்கூட அப்படித்தான். வேளாங்கண்ணிக்கு ஆகஸ்ட் 29-ஆம் தேதி கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8-ஆம் தேதி திருவிழா வரை காவி உடுத்தி நடந்தே வருகிற மக்கள், எல்லா மதத்தையும் சேர்ந்தவர்கள், பெரும்பாலும் இப்படி ஒரு வேண்டுதலோடுதான் வருகிறார்கள். அந்த வேண்டுதல்களை நான் குறைத்துப் பேசவில்லை. உடம்பு சுகமாகவேண்டும் என்று இயேசுவிடம் வந்தவர்களை அவர் ஒருபோதும் அதட்டி அனுப்பியதில்லை. ஆனால் சுகமான உடம்பும் ஒருநாள் விழும். அதற்கு அப்பாலும் நிற்பது எது என்பதுதான் நித்திய ஜீவனைப் பற்றிய கேள்வி.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வேளாங்கண்ணிக் கடற்கரையில் இருந்த யாத்திரிகர்களும் அதில் உண்டு. ‘கெட்டுப்போகாமல்’ என்ற வசனம் அன்று என்ன ஆயிற்று என்று கேட்டவர்கள் உண்டு, கேட்டதில் தப்பில்லை. விசுவாசம் அலையைத் தடுக்கும் என்று அந்த வசனம் சொல்லவில்லை. அலை எடுத்துக்கொண்டவர்களை மறந்துவிடாத ஒருவர் இருக்கிறார், அவர் கையிலிருந்து யாரும் தொலைந்து போவதில்லை என்பதைத்தான் சொல்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கு முன்னால் நின்று இதை வேகமாகச் சொல்லிவிடவும் கூடாது. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்திருந்தும் இயேசு அவன் கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார் என்று பைபிள் சொல்கிறது. நித்திய ஜீவனை நம்புகிறவன் அழக்கூடாது என்று சொல்பவர்கள் இந்த இடத்தைக் கவனித்துப் படிக்கவேண்டும்.

இந்து நண்பர்களுக்கு ஒரு வேறுபாட்டைச் சொல்லியாகவேண்டும். கிறிஸ்தவத்தில் மறுபிறவி இல்லை. பிறவிச் சுழலிலிருந்து ஆன்மா விடுபடுவது என்ற அர்த்தத்தில் முக்தியைப் பேசுகிறோமே, அந்தச் சட்டகம் இங்கே பொருந்தாது. ஒரு மனிதனுக்கு ஒரே வாழ்வு, ஒரே சாவு, அப்புறம் கடவுளின் நியாயத்தீர்ப்பு. காப்பாற்றப்படுவதும் ஆன்மா மட்டும் இல்லை, உடம்பும்தான். கிறிஸ்தவர்கள் ஆராதனையில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் ‘சரீரம் உயிர்த்தெழுதல்’ என்று தனியாகவே ஒரு வரி வருகிறது. உங்கள் முகம், உங்கள் பெயர், நீங்கள் யாரையெல்லாம் நேசித்தீர்கள் என்பது எதுவும் கரைந்து போவதில்லை.

செத்தவர்களைப் புதைக்கும் வழக்கம் கிறிஸ்தவர்களிடம் வேரூன்றியதும் இந்த நம்பிக்கையால்தான். நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளன்று கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவதும் இதோடு சேர்ந்தது. எரித்தால் உயிர்த்தெழ முடியாது என்று அர்த்தமில்லை. 1963-லேயே கத்தோலிக்கத் திருச்சபை தகனத்தையும் அனுமதித்துவிட்டது. மண்ணுக்குள் போன உடம்பு எப்படி எழும் என்று கொரிந்து மக்கள் கேட்டபோது பவுல் விதையைக் காட்டினார். நாம் விதைக்கிறது வெறும் மணி. முளைத்து வருகிற பயிர் வேறு தோற்றத்தில் வருகிறது, ஆனால் அதே மணியிலிருந்துதான் வருகிறது. நாற்றங்காலில் நெல் தெளித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இனி விசுவாசத்துக்கு வருவோம். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். கடவுள் உண்டு என்று ஒத்துக்கொள்வது விசுவாசம் என்று பலர் எண்ணுகிறார்கள். பைபிளில் உள்ள தம் நிருபத்தில், அதாவது கடிதத்தில், யாக்கோபு இதைக் கொஞ்சம் கடுமையாகவே மறுக்கிறார்: பிசாசுகளும் அப்படி நம்புகின்றன, நம்பி நடுங்குகின்றன என்கிறார். அப்படியானால் விசுவாசம் என்ன? ஒருவருடைய வார்த்தையை நம்பி, அதன்மேல் தன் காலை ஊன்றுவது.

இதற்குத் தஞ்சாவூர்ச் சரித்திரத்திலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1778 முதல் தஞ்சாவூரிலேயே தங்கிவிட்ட ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர். 1780-களில் ஹைதர் அலியின் படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் தஞ்சாவூர்ச் சீமை சீரழிந்து கிடந்தது. அதோடு அதிகாரிகளின் கொடுமையும் சேர்ந்துகொள்ள, குடியானவர்கள் ஊரையும் நிலத்தையும் விட்டு ஓடிப்போனார்கள். திரும்பி வாருங்கள், நியாயம் செய்கிறோம் என்று ராஜா அறிவித்தார். ஒருவரும் நம்பவில்லை. கடைசியில் ராஜா, சுவார்ட்ஸைத் தம் சார்பில் வாக்குக் கொடுக்கச் சொன்னார். அவர் கொடுத்தார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். சாகுபடிக் காலம் முடியப்போகிறது, சீக்கிரம் வேலையை ஆரம்பியுங்கள் என்று அவர் சொன்னபோது, எங்களுக்கு நீங்கள் காட்டிய அன்புக்காக இரவும் பகலும் பாடுபடுவோம், நீங்கள் வருத்தப்படும்படி விடமாட்டோம் என்று அவர்கள் சொன்னார்களாம்.

இதில் நடந்த வரிசையைக் கவனியுங்கள். அவர்கள் உழைத்துக் காட்டிய பிறகு வாக்குக் கிடைக்கவில்லை. வாக்கு முதலில் வந்தது. அதை நம்பி அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். உழைப்பு அதற்கு அப்புறம், நன்றியிலிருந்து வந்தது. அன்று அவர்கள் கையில் சுவார்ட்ஸின் வார்த்தையைத் தவிர எந்தப் பத்திரமும் இல்லை. ஆனால் நம்பினோம் என்று வாயால் சொல்லிவிட்டு ஓடிப்போன இடத்திலேயே உட்கார்ந்திருந்தால், அதை நம்பிக்கை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மனிதனுடைய வாக்கு தவறலாம். ராஜாவின் ஆட்கள் பிறகு என்னவும் செய்திருக்கலாம். கடவுளின் வாக்குக்கு அந்தக் குறை இல்லை என்பதுதான் வித்தியாசம்.

கிறிஸ்தவ விசுவாசத்திலும் இதே வரிசைதான். எபேசியருக்கு எழுதின நிருபம், ‘கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்; இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு’ என்கிறது. கிருபை என்றால் தகுதி பார்க்காமல் வருகிற அருள். அருள் என்பது டெல்டாவுக்கு அந்நியமான எண்ணம் இல்லை. சீர்காழியில் அழுத குழந்தைக்கு அம்மை ஞானப்பால் ஊட்டிய கதையைக் கேட்டு வளர்ந்த ஊர்கள் இவை. அந்தக் குழந்தை என்ன தகுதியைக் காட்டிப் பால் வாங்கியது? நித்திய ஜீவனும் சம்பாதித்து வாங்குகிற பொருள் இல்லை. பாவத்தின் சம்பளம் மரணம், நித்திய ஜீவனோ கடவுளின் கிருபைவரம் என்று ரோமருக்கு எழுதின நிருபத்தில் ஒரே வசனத்தில் இரண்டும் வருகின்றன. சம்பளம் நாம் செய்ததற்குக் கிடைப்பது. வரம் அப்படிக் கணக்குப் பார்த்து வருவதில்லை.

அப்படியானால் நல்ல காரியங்கள்? எபேசியரில் நான் சொன்ன வசனத்துக்கு இரண்டு வசனம் தள்ளி, நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் படைக்கப்பட்டிருக்கிறோம் என்று வருகிறது. கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு சொல்கிறார். இரண்டும் முரண்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. நல்ல செயல்கள் நித்திய ஜீவனுக்குக் கொடுக்கும் விலை அல்ல. அது ஒருவனுக்குள் வந்துவிட்டது என்பதன் அறிகுறி. அந்த அறிகுறி வருஷக்கணக்கில் கண்ணில் படவே இல்லை என்றால் விசுவாசம் இருக்கிறதா என்றே சந்தேகப்படலாம்.

இந்தக் கேள்வியை டெல்டா மக்கள் முந்நூறு வருஷங்களுக்கு முன்பே கேட்டிருக்கிறார்கள். 1706 ஜூலை 9-ஆம் தேதி ஜெர்மானிய மிஷனரிகளான சீகன்பால்கும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். பிற்பாடு, 1712 முதல் 1714 வரை, மிஷனரிகள் தமிழர்களிடம் கேள்விகள் எழுதி அனுப்பி, அவர்கள் எழுதிய பதில் கடிதங்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஹாலே நகரில் அச்சிட வைத்தார்கள். அந்தக் கடிதங்களில் ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் நடத்தை மேல் கடுமையான விமர்சனம் இருக்கிறது. உங்கள் மார்க்கம் நல்லதாக இருக்கலாம், உங்கள் ஆட்களின் வாழ்க்கை அப்படி இல்லையே என்ற தொனி. அந்த விமர்சனம் அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, நியாயமானது. கிறிஸ்தவன் என்ற பெயரைச் சுமந்துகொண்டு வேலையாளுக்குக் கூலியைக் குறைக்கிறவனும், கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதி பார்க்கிறவனும் ‘விசுவாசத்தால் நித்திய ஜீவன்’ என்று பாடும்போது கேட்கிறவர்களுக்கு எரிச்சல்தான் வரும். வரவேண்டும்.

விசுவாசமா செயலா என்ற சண்டை கிறிஸ்தவர்களுக்குள்ளேயும் நடந்தது. 1517-இல் மார்ட்டின் லூத்தர் தொடங்கிய சீர்திருத்தத்தின் மையமே இதுதான். ஐரோப்பா இதில் இரண்டாகப் பிளந்தது. 1999 அக்டோபர் 31-ஆம் தேதி, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, கிருபையால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார். பரிசுத்த ஆவியே நம்மைப் புதிதாக்கி நற்செயல்களுக்கு அழைக்கிறார் என்று இரு தரப்பும் சேர்ந்து சொல்கிற அளவுக்கு வந்தார்கள். பூண்டி மாதா கோயிலுக்குப் போகிறவரும் தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்துக்குப் போகிறவரும் இந்த விஷயத்தில் நினைப்பதைவிட நெருக்கமாக இருக்கிறார்கள். வித்தியாசங்கள் மிச்சம் இருக்கத்தான் செய்கின்றன. இறந்தவர்கள் தூய்மையாக்கப்படும் உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு என்று நம்பி, கத்தோலிக்கர்கள் அவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பார்கள். லுத்தரன் சபையில் அந்தப் போதனை இல்லை.

அடுத்து, எல்லோரும் கேட்கிற கேள்வி. ஆயுசு முழுக்க அக்கிரமம் செய்தவன் கடைசி நிமிஷத்தில் நம்பினால் அவனுக்கும் நித்திய ஜீவனா? ஆமாம். இயேசுவோடு சிலுவையில் தொங்கிய குற்றவாளிகளில் ஒருவன், என்னை நினைத்தருளும் என்று கேட்டான். அன்றைக்கே அவரோடு பரதீசில் இருப்பான் என்று பதில் வந்தது. அவன் நல்லது செய்து காட்ட நேரமே இல்லை. இது நமக்கு அநியாயமாகப் படுகிறது, எனக்கும் சில வேளை அப்படித் தோன்றும். ஆனால் நம்மில் யாராவது முழுக் கணக்கையும் காட்டி உள்ளே நுழைய முடியுமா என்று நினைத்துப் பார்த்தால், அந்தக் கதவு அவனுக்குத் திறந்ததில் நமக்கும் இடம் இருக்கிறது. பிறகு மனம் திரும்பிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறவனுக்கு இந்தக் கதை இடம் கொடுக்கவில்லை. அந்தக் குற்றவாளி தள்ளிப்போடவில்லை. தன் குற்றத்தை ஒத்துக்கொண்டு, தனக்குக் கிடைத்த தண்டனை நியாயம் என்று சொன்ன பிறகுதான் கேட்டான்.

இயேசுவைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள், கேட்டும் வேறு மார்க்கத்தில் நிற்கிறவர்கள் என்ன ஆவார்கள்? இதில் கிறிஸ்தவர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. இயேசுவை வெளிப்படையாக விசுவாசித்தால்தான் என்று பல சபைகள் கண்டிப்பாகச் சொல்கின்றன. தன் குற்றம் இல்லாமல் நற்செய்தியை அறியாதிருந்தும் நேர்மையான மனத்தோடு கடவுளைத் தேடி, மனச்சாட்சியின்படி வாழ்கிறவர்களும் மீட்படையலாம் என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் எழுதியது. சுவார்ட்ஸின் கண்காணிப்பில் வளர்ந்த இரண்டாம் சரபோஜி மன்னர் கடைசிவரை கிறிஸ்தவராகவில்லை. ஆனாலும் சுவார்ட்ஸ் இறந்தபின் அவருக்காகப் பளிங்கில் நினைவுச் சிற்பம் செய்வித்து வைத்தார். அது இன்றும் தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா அருகே உள்ள ஆலயத்தில் இருக்கிறது. நியாயத்தீர்ப்புச் சொல்லும் நாற்காலி எனக்குத் தரப்படவில்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயம். அங்கே உட்காருகிறவர் சிலுவையில் காயப்பட்ட கைகளோடு உட்காருகிறார் என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல் இருக்கிறது.

மேலும் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் பைபிளை முதல் பக்கத்திலிருந்து தொடங்கவேண்டாம். யோவான் 11-ஆம் அதிகாரத்தைப் படியுங்கள். கதையாகவே இருக்கும், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். அப்புறம் 3-ஆம் அதிகாரமும் 17-ஆம் அதிகாரமும். உயிர்த்தெழுதலைப் பற்றிப் பவுலின் வாதம் முழுதும் கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபம் 15-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எபேசியர் 2-ஐயும் யாக்கோபு 2-ஐயும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது. ஒன்றை மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும். பழைய மொழிபெயர்ப்பின் நடை கடினமாக இருந்தால், கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து 1995-இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு எளிதாக இருக்கும். புரியாத இடத்தை உங்கள் ஊர்ச் சர்ச் ஐயரிடமோ பங்குத்தந்தையிடமோ போய்க் கேட்கலாம். சபையில் சேரவேண்டும் என்ற கட்டாயம் இல்லாமலேயே உட்காரவைத்துப் பேசுவார்கள்.